நீரிழிவின் மரபு வழி: சென்னை ஆராய்ச்சியும் சித்தூர் எல்லையும்

பிறந்து ஆறு திங்கள் நிறைவதற்குள் ஒரு குழந்தைக்கு நீரிழிவு நோய் கண்டு, அது நீங்காமல் நிலைத்துவிடுமாயின், அக்குழந்தை வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஊசியை நம்பியே இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு வரை உலகெங்கும் கருதப்பட்டு வந்தது. இன்று அவ்வாறு கருதுவதற்கில்லை. அத்தகைய குழந்தைகளுள் கணிசமானோருக்கு ஊசி தேவையில்லை. முதியோர் பல்லாண்டுகளாக உட்கொண்டு வரும் மலிவான மாத்திரையே போதுமானது. எந்தக் குழந்தைக்கு ஊசி, எந்தக் குழந்தைக்கு மாத்திரை என்பதைக் குழந்தையின் தோற்றமோ இரத்தச் சர்க்கரையின் அளவோ காட்டுவதில்லை. குழந்தையின் மரபணுவைப் படித்துத்தான் அதனை அறிய முடியும்.

ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதிப் பகுதி மக்களுக்கு இச்செய்தி தொலைதூரத்து அறிவியல் அன்று. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் அதன் ஒரு பகுதி திருப்பதி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. எல்லைக் கோடுகள் மாறினாலும் மருத்துவத்திற்காக மக்கள் நடக்கும் வழிகள் மாறவில்லை. திருப்பதியில் 1960இல் தொடங்கப்பட்ட வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும் அதனைச் சார்ந்த ருயா அரசு மருத்துவமனையும், 1993 முதல் பணியாற்றும் வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகமும் உள்ளன. சித்தூரிலிருந்து வேலூர் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அங்குக் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருப்பதியிலிருந்து சென்னை ஏறத்தாழ 140 கிலோமீட்டர்.

இப்பகுதிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தமிழில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்றும் தெலுங்கில் மேனரிகம் என்றும் வழங்கும் உறவுமுறைத் திருமணம் எல்லையின் இரு புறத்தும் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. மாமன் மகளை மட்டுமின்றி, அக்காள் மகளை மணப்பதும் இங்குப் புதுமையன்று. மரபுவழி நோய்களை ஆராய்வோர் இவ்வழக்கத்தைப் புறக்கணிக்க இயலாது. அது ஏன் என்பது பின்னர் விளங்கும்.

நீரிழிவில் மரபின் பங்கை ஆராயும் பணி தென்னிந்தியாவில் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சென்னை அறிவியலறிஞர் டாக்டர் வி. மோகன் அவர்களின் ஆராய்ச்சி வாழ்க்கையைக் கொண்டு நன்கு அறியலாம்.

தந்தையின் பதிவேடுகள்

இக்கதை உண்மையில் அவருடைய தந்தையார் பேராசிரியர் எம். விசுவநாதனிடமிருந்து தொடங்குகிறது. 1948இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவை அவர் தொடங்கினார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது கால் நூற்றாண்டே ஆகியிருந்தது. நீரிழிவு தனியொரு மருத்துவத் துறையாக வேண்டிய அளவு பெரிய நோய் என்று நம் நாட்டில் கருதியவர்கள் அந்நாளில் மிகச் சிலரே. 1954இல் அவர் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார்.

தனிநோய் மருத்துவமனை ஒன்றின் பெரும் செல்வம் அதன் பதிவேடுகளே. ஒரே நோயுடைய ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்திற்கு வரும்போது, அவர்களுடைய பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரும் அங்கேயே நோயாளிகளாக வந்து சேர்வதைக் காண முடிகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே தந்தையாருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்ட மோகனுக்கு முதல் ஆய்வுக்கூடமாக அமைந்தவை இந்தக் குடும்பக் குறிப்புகளே. டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவிகள் அந்நாளில் இல்லை. குடும்பத்தில் யார் யாருக்கு, எந்த வயதில் நோய் கண்டது என்று கேட்டு, மூன்று தலைமுறைக்கு வம்ச வரைபடம் எழுதுவதே மரபியல் ஆராய்ச்சியாக இருந்தது. எளிய முறைதான், ஆனால் இன்றைய நுட்பக் கருவிகள் அனைத்தும் இந்த வரைபடத்திற்குப் பிறகே பயன்படத் தொடங்குகின்றன.

1985இல் இக்குழுவினர் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. தாய், தந்தை இருவருமே நீரிழிவு உடையவர்களாக இருக்கும் குடும்பங்களின் மக்களை ஒன்று ஆராய்ந்தது. அவர்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்ததில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. பின்னர்ச் சென்னை நகரின் இரண்டு குடியிருப்புகளில் நடத்தப்பட்ட மக்கள்தொகை ஆய்வும் இப்போக்கையே காட்டியது. பெற்றோர் இருவருக்கும் நோய் இருந்தால் மக்களுள் 55 விழுக்காட்டினருக்கும், ஒருவருக்கு மட்டும் இருந்தால் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கும், எவருக்கும் இல்லையெனில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கும் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. இப்புள்ளிவிவரத்தின் கடைசி எண்ணையும் மறக்கலாகாது. குடும்பத்தில் நோயே இல்லாதவருக்கும் நோய் வருகிறது. மரபு மட்டுமே காரணமன்று.

இரண்டாவது ஆய்வு இளமையில் தோன்றும் ஒருவகை நீரிழிவைப் பற்றியது. இளம் வயதில் வரும் நீரிழிவு அனைத்தும் இன்சுலின் ஊசி இன்றித் தீராத முதல் வகையே என்ற எண்ணம் முன்பு வேரூன்றியிருந்தது. 1974இல் இங்கிலாந்தின் டாட்டர்சால், சில குடும்பங்களில் நீரிழிவு இளமையிலேயே தோன்றியும் மென்மையாக இருப்பதையும், தலைமுறைதோறும் தவறாமல் தொடர்வதையும் எடுத்துக்காட்டினார். இதற்கு 'இளையோரிடம் தோன்றும் முதிர்நிலை நீரிழிவு' எனப் பெயரிடப்பட்டு, ஆங்கில முதலெழுத்துகளால் எம்.ஓ.டி.ஒய். என்று வழங்கலாயிற்று. பெற்றோருள் ஒருவருக்கு இது இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஐரோப்பாவில் அரிதாகக் கருதப்பட்ட இவ்வகை, தம் நோயாளிகளுள் ஏறத்தாழ 4.8 விழுக்காட்டினரிடம் இருப்பதாகச் சென்னைக் குழுவினர் அறிவித்தனர். இந்தியரிடம் இது மிகுதி என்ற கருத்து இதனால் பரவியது. அக்கருத்தைப் பிற்காலத்தில் அவர்களே திருத்த வேண்டி வந்தது.

மரவள்ளியா, மரபணுவா?

இடையில் வேறொரு நோயைக் குறிப்பிட வேண்டும். கணையத்தில் கற்கள் உண்டாகி, அதனால் நீரிழிவும் தோன்றும் நோய் ஒன்று வெப்ப மண்டல நாடுகளில் காணப்படுகிறது. நம் நாட்டில் கேரளத்தில் இது மிகுதியாக அறியப்பட்டது. ஏழை எளியவர், இளம் வயதினர், மெலிந்த உடலினர் ஆகியோரிடம் இது அதிகம் தோன்றியமையால், ஊட்டக்குறைவும் மரவள்ளிக் கிழங்கில் உள்ள சயனைடு சார்ந்த நச்சுப் பொருளுமே காரணம் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. நம்புவதற்கு எளிதான விளக்கம் அது. எனினும் மரவள்ளியை உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் இருந்தது. மரவள்ளியே உணவாகக் கொண்ட பலருக்கு நோய் வரவில்லை.

டாக்டர் மோகன் இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்தார். சென்னை, வங்காளதேசம், இலண்டன் ஆகிய இடங்களின் அறிஞர்கள் கூடி 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவில் காணப்படும் ஒரு மாற்றம் இந்நோயாளிகளிடம் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. கணையம் சுரக்கும் டிரிப்சின் என்னும் செரிமானப் பொருள் குடலை அடைந்த பின்னரே செயல்பட வேண்டும்; கணையத்திற்குள்ளேயே செயல்படத் தொடங்கினால் அது கணையத்தையே அரித்துவிடும். அதனைத் தடுத்து நிறுத்தும் புரதத்தை உண்டாக்குவது ஸ்பிங்க்-1. காவல் தளர்ந்தால் கணையம் கேடுறுகிறது. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஜி.ஆர். சாண்டக் குழுவினர் செய்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின.

ஆயினும் இதே மாற்றத்தை உடைய பலர் நோயின்றி வாழ்கின்றனர். ஒரு மரபணு வழியைத் திறந்து வைக்கிறது. அவ்வழியே நோய் நுழைவதற்கு வேறு காரணங்களும் வேண்டும். நீரிழிவு மரபியலைப் பயிலும் மாணவர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

ஐரோப்பிய மரபணு, இந்திய உடல்

1996இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் மூலக்கூறு மரபியல் பிரிவைத் தலைமையேற்று நடத்தியவர் டாக்டர் வி. ராதா. வம்ச வரைபடத்தின் காலம் முடிந்து டி.என்.ஏ.வின் காலம் பிறந்தது எனலாம். ஆனால் டி.என்.ஏ.வை எடுத்து வைத்தால் மட்டும் போதாது; நோயுடையவரையும் நோயற்றவரையும் மக்களிடையேயிருந்து முறைப்படி தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் கொண்டு செய்யும் ஒப்பீடு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இக்காரணத்தால், 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற, ஊரக நோய்ப்பரவல் ஆய்வு முக்கியத்துவம் பெறுகிறது. சென்னை நகரில் 26,001 பேர் இதில் சோதிக்கப்பட்டனர். தென்னிந்தியாவின் பல மரபணு ஆய்வுகளுக்கு இதுவே அடித்தளமாயிற்று.

அப்போது ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நீரிழிவுக்குரிய மரபணுக்கள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டு வந்தன. அவை இங்கும் பொருந்துமா என்பதே கேள்வி. பி.பி.ஏ.ஆர். காமா என்னும் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் வெள்ளையரை நீரிழிவிலிருந்து ஓரளவு காக்கிறது என்பது நிறுவப்பட்டிருந்தது. சென்னையில் வாழ்வோரையும், அமெரிக்காவின் டல்லஸ் நகரில் குடியேறிய தெற்காசியரையும், அந்நகரின் வெள்ளையரையும் ஒப்பிட்டு ராதா, மோகன் முதலியோர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெள்ளையரைக் காத்த அதே மாற்றம் தெற்காசியரைக் காக்கவில்லை. டல்லஸில் வாழ்ந்த தெற்காசியரும் இதற்கு விலக்கல்லர். ஊர் மாறினாலும் உடல் கொண்டுவந்த மரபு மாறவில்லை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 2006இல் ஐஸ்லாந்தில் கண்டறியப்பட்ட டி.சி.எஃப்.7எல்2 என்னும் மரபணு, இந்தியரிடமும் நோயுடன் உறுதியாகத் தொடர்புடையதாக 2007இல் ஐதராபாத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தனித்தனியே அறிவிக்கப்பட்டது. ஆகவே சில மரபணுக்கள் மனித இனம் முழுவதற்கும் பொதுவானவை, சில அவ்வாறல்ல. எது பொது, எது சிறப்பு என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒவ்வொன்றையும் இங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும். 2011இல் தெற்காசியரிடம் நடந்த பேராய்வு ஒன்று நீரிழிவுடன் தொடர்புடைய ஆறு புதிய மரபணு இடங்களைச் சுட்டியது. 2013இல் இந்தியரிடம் மட்டுமே நடந்த ஆய்வில் மேலும் ஒன்று வெளிப்பட்டது.

இக்கண்டுபிடிப்புகளைக் கொண்டு ஒருவருக்கு நீரிழிவு வருமா, வராதா எனச் சோதிடம் கூற முடியுமா? முடியாது. பொதுவான இரண்டாம் வகை நீரிழிவில் ஒவ்வொரு மரபணுவின் பங்கும் மிகச் சிறியது. பல நூறு சிறு பங்குகள் கூடியும் குறைந்தும் செயல்படுகின்றன. இத்துடன், ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட இந்தியரின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாகத் தங்குவதும், இளமையிலேயே இன்சுலின் சுரக்கும் திறன் தளர்வதும் சேர்கின்றன. மரபு இவ்வளவு வலிமையுடையதாயினும் தடுப்பு முயற்சி வீணன்று. நோய்க்கு முந்திய நிலையில் இருந்த 578 பேரிடம் சென்னையில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உணவிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டி, தேவைப்பட்டோருக்கு மருந்தும் சேர்த்துக் கொடுத்ததால், நோய் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அறிவியலைக் காரணம் காட்டித் தம் பாட்டன்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போருக்கு இந்த எண் உவப்பாக இராது.

ஒரே மரபணுவால் வரும் நோய்

மரபணுச் சோதனை நோயாளிக்கு நேரடியாகப் பயன்படுவது, ஒரே மரபணுவின் பிறழ்வால் வரும் அரிய வகைகளில்தான். எம்.ஓ.டி.ஒய். வகைக்குரிய மரபணுக்கள் 1992 முதல் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. 1996இல் எச்.என்.எஃப்.1ஏ என்னும் மரபணு வெளிப்பட்டபின், சிகிச்சையே மாறியது. இம்மரபணுவில் பிறழ்வு உடையோர் சல்போனைல்யூரியா வகை மாத்திரைக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகின்றனர். குளுக்கோகைனேஸ் மரபணுவில் பிறழ்வு உடையோருக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. இவ்விரு பிரிவினரையும் முதல் வகை நோயாளர் எனத் தவறாகக் கருதி இன்சுலின் போடும் நிலை எங்கும் உண்டு.

சென்னைக் குழுவினர் தம் பழைய கருத்தை இப்போது டி.என்.ஏ.வைக் கொண்டு சோதித்தனர். 2009இல் வெளியான ஆய்வில், வம்ச வரைபடமும் வயதும் பொருந்தியதால் எம்.ஓ.டி.ஒய். எனக் கருதப்பட்டவர்களுள் ஒரு சிறு பகுதியினரிடமே எச்.என்.எஃப்.1ஏ பிறழ்வு இருந்தது. வேலூரில் நிகால் தாமஸ் குழுவினர் பத்து மரபணுக்களை ஒருசேரச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்விலும், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே பிறழ்வு உறுதியாயிற்று. அவையும் ஐரோப்பாவில் வழக்கமாகக் காணப்படும் மரபணுக்களின் வரிசையில் அமையவில்லை. எஞ்சியோருள் பலருக்கு இருப்பது இளமையிலேயே தோன்றிய சாதாரண இரண்டாம் வகையாகலாம். இந்தியரிடம் அது மிக முன்னதாகவே வருகிறது. இன்னும் அறியப்படாத மரபணுக்களும் இருக்கக்கூடும். 1985இல் வெளிவந்த எண்ணை இன்று அப்படியே எடுத்தாள்வது பொருந்தாது. அந்நாளைய கருவிகளுக்கு அதுவே எல்லை. எனினும் இளம் நோயாளியிடம் குடும்ப வரலாற்றைக் கேட்க வேண்டும் என்ற பழக்கத்தை உண்டாக்கியது அந்த ஆய்வே.

ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தை

தொடக்கத்தில் கூறிய குழந்தைக்கு மீண்டும் வருவோம். கணையத்தின் பீட்டா உயிரணுவில் பொட்டாசியம் வெளியேறுவதற்குரிய நுண்ணிய வாயில்கள் உள்ளன. உணவுக்குப் பின் குளுக்கோஸ் உள்ளே புகுந்து எரியும்போது, அதனால் உண்டாகும் ஆற்றல் பொருள் இவ்வாயில்களை மூடுகிறது. வாயில் மூடியதும் உயிரணுவின் மின்நிலை மாறுகிறது, கால்சியம் உட்புகுகிறது, சேமித்து வைத்த இன்சுலின் வெளிப்படுகிறது. இவ்வாயிலை உண்டாக்கும் கே.சி.என்.ஜே.11 என்னும் மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டால் வாயில் மூடாமல் திறந்தே நிற்கிறது. உயிரணுவில் இன்சுலின் இருக்கும், ஆனால் வெளிவராது. இங்கிலாந்தின் எக்ஸ்டர் நகரில் பணியாற்றிய ஹேட்டர்ஸ்லி குழுவினர் 2004இல் இதனைக் கண்டறிந்தனர்.

சல்போனைல்யூரியா மாத்திரை இதே வாயிலை வேறொரு பக்கத்திலிருந்து பிடித்து மூடுகிறது. குளுக்கோஸ் செய்ய முடியாததை மாத்திரை செய்கிறது. 2006இல் வெளியான ஆய்வில், இத்தகைய பிறழ்வுடைய 49 பேருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் 44 பேர் இன்சுலினை முற்றிலும் விட்டுவிட்டனர். சர்க்கரைக் கட்டுப்பாடும் முன்னைவிடச் சீரடைந்தது. வாயிலின் மற்றொரு பகுதியை உண்டாக்கும் ஏ.பி.சி.சி.8 என்னும் மரபணுவில் பிறழ்வு உடையோரும் இவ்வாறே பயன் பெறுகின்றனர்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் ராதாவும் டாக்டர் மோகனும் குழந்தை மருத்துவர்களுடன் சேர்ந்து இத்தகைய குழந்தைகளைச் சோதிக்கும் பணியை மேற்கொண்டனர். அவர்களுடைய ஆய்வுகள் 2013 முதல் வெளிவரலாயின. வாயில் மரபணுக்களில் பிறழ்வு காணப்பட்ட குழந்தைகள் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றப்பட்டனர். நாளொன்றுக்குப் பல முறை ஊசியேற்றும் ஒரு வீட்டிற்கு இந்த மாற்றம் என்ன பொருள் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். குழந்தையின் எடைக்கேற்பத் துளித் துளியாக அளக்க வேண்டும். சற்று மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரும். மின்சாரமே நிலையாக இல்லாத சிற்றூரில் இவையெல்லாம் தாயின் தலையில் விழுகின்றன.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் மாத்திரை பயன்படும் என எண்ணிவிடலாகாது. உறவுமுறைத் திருமணம் பற்றிய செய்தி இங்குதான் வருகிறது. 79 நாடுகளிலிருந்து வந்த 1,020 குழந்தைகளைச் சோதித்து 2015இல் வெளியான எக்ஸ்டர் ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. பெற்றோர் உறவினரல்லாத குடும்பங்களில் 46 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு வாயில் மரபணுப் பிறழ்வே காரணமாக இருந்தது. உறவுக்குள் மணந்த பெற்றோரின் குழந்தைகளில் அது 12 விழுக்காடே. அக்குடும்பங்களில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிறழ்வு வந்து சேர்ந்து உண்டாகும் நோய்களே மிகுதி. அவற்றுள் எலும்பு வளர்ச்சியையும் கல்லீரலையும் தாக்கும் உல்காட்-ராலிசன் நோய் முதன்மையானது. அதற்கு மாத்திரை பயன்படாது. இன்சுலின் வேண்டும், கல்லீரலையும் கண்காணிக்க வேண்டும்.

எனவே சித்தூர்ப் பகுதியின் மருத்துவர், அயல்நாட்டுப் பாடநூலைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு மாத்திரையே போதும் என முடிவு செய்வது ஆபத்து. சோதிக்காமல் ஊசியையே தொடர்வதும் இழப்பு. மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணந்த தந்தையா என்ற கேள்வி இங்கு வம்பு பேச்சன்று, நோயறியும் கேள்வியாகும்.

உறவுத் திருமணம் இல்லாத குடும்பத்திலும், சாதிக்குள்ளேயே நூற்றாண்டுகளாக மணந்து வருவதால் இதே விளைவு ஓரளவு நிகழ்கிறது. ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் அமெரிக்காவின் டேவிட் ரைக்கும் இணைந்து நடத்தி 2017இல் வெளியான ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகப் பிரிவுகளைப் பார்த்தது. அவற்றுள் 81 பிரிவுகள் சிறு எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து பெருகியவை என்பதற்கு வலுவான அடையாளம் இருந்தது. ஆந்திரத்தின் வைசிய சமூகத்தாரிடம், அறுவைச் சிகிச்சையில் பயன்படும் தசைத்தளர்த்தி மருந்தை உடல் சிதைக்க இயலாத பிறவிக் குறை மிகுதியாக இருப்பது இதன் விளைவே. மயக்க மருந்து கொடுப்போர் சமூகத்தைக் கேட்டறிந்து எச்சரிக்கையாக இருப்பது இதனால்தான். நீரிழிவிலும் இத்தகைய சிறப்பு மரபணுக்கள் சில பிரிவினரிடம் இருக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 2020இல் தொடங்கப்பட்டு 10,000 இந்தியரின் முழு மரபுத் தொகுதியைப் பதிவு செய்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 சனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன.

திட்டத்தின் வயது வரம்பு

டாக்டர் மோகன் பின்னாளில் தலைமையேற்ற பெரும் பணி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் 2008 முதல் 2020 வரை மாநிலம்தோறும் நடந்த நீரிழிவுக் கணக்கெடுப்பாகும். டாக்டர் ஆர்.எம். அஞ்சனா இதில் முன்னணியில் நின்றார். 1,13,043 பேரை உட்கொண்ட இதன் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு, 15.3 விழுக்காட்டினருக்கு நோய்க்கு முந்திய நிலை. 2012ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டிருந்தது.

இக்கணக்கெடுப்பில் 20 வயதும் அதற்கு மேலும் உள்ளோரே இடம்பெற்றனர். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் ஊர்தோறும் நடக்கும் சோதனையோ 30 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்குரியது. கோடிக்கணக்கானோரைச் சோதிக்க வேண்டிய திட்டத்தில் வரம்பு இன்றியமையாதது. முப்பது வயது என்பது நோய்ப்பரவலை நோக்க நியாயமானதே. ஆனால் எம்.ஓ.டி.ஒய். பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குள் தோன்றுகிறது. பிறவி நீரிழிவு ஆறு திங்களுக்குள் தோன்றுகிறது. சிகிச்சையை முற்றிலும் மாற்றக்கூடிய இவ்விரண்டும் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. இவர்களை ஊர்ச் சோதனையால் கண்டறிய இயலாது. மாவட்ட மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவும் வெளிநோயாளர் பிரிவுமே கண்டறிய வேண்டும்.

அதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டியதில்லை. ஆறு திங்களுக்குள் நீரிழிவு கண்ட எந்தக் குழந்தையின் இரத்தத்தையும், கூடுமாயின் தாய் தந்தையரின் இரத்தத்தையும், உறையாமல் காக்கும் குழாயில் எடுத்து மரபணுச் சோதனை செய்யும் கூடத்திற்கு அனுப்ப வேண்டும். இன்று வயது வந்துவிட்டவராயினும், நோய் தொடங்கியது ஆறு திங்களுக்குள் எனில் அவருக்கும் இச்சோதனை பொருந்தும். பல ஆண்டுகள் ஊசி போட்ட பின்னரும் மாத்திரைக்கு மாறியவர்கள் உள்ளனர். முடிவு வரும் வரை இன்சுலினை நிறுத்தலாகாது. வாயில் மரபணுவில் பிறழ்வு உறுதியானால், குழந்தையை மருத்துவமனையில் சேர்த்து, கிளைபென்கிளமைடு மாத்திரையை எடைக்கேற்பப் பொடித்து நீரில் கலந்து கொடுக்கத் தொடங்கி, நாள்தோறும் அளவைச் சிறிது உயர்த்தி, ஒவ்வொரு வேளையும் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, அதற்கேற்ப இன்சுலினைக் குறைத்து வருவர். சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் ஊசி நின்றுவிடுகிறது.